சிறுதேரும் சிற்றிலும்: குழவியர் கலைப்பயிற்சி பற்றிய ஓர் ஆராய்ச்சி

குறுந்தொகையின் 61-ஆம் பாட்டு தும்பிசேர்கீரனார் பாடியது. பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவன் விடுத்த வாயில்களை நோக்கித் தோழி கூறும் கூற்றாக அஃது அமைந்துள்ளது. தச்சன் செய்து தந்த சிறுதேர் ஒன்று. அதன்மேல் ஏறி ஊர்தல் இயலாது. ஆயினும் சிறுவர் அதனைக் கையால் இழுத்துச் சென்று மகிழ்கின்றனர். அதுபோலத் தலைவனைக் கூடி மகிழும் பேறு தமக்கு இல்லையாயினும், அவன் கேண்மையைத் தம் உள்ளத்தே வளர்த்து மகிழ்ந்ததாகவும், அதனால் கைவளைகள் நெகிழாமற் செறிந்தனவாகவும் தோழி கூறுகின்றாள். இப்பாட்டினைப் பயில்வோர் வாயில் மறுக்கும் திறத்திலேயே கருத்தைச் செலுத்துவது இயல்பு. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது உவமையை.

உவமையின் நுட்பம் யாது? தேர் என்பது ஊர்தற்கென அமைந்தது. ஊர்தலே அதன் பயன் என்று எவரும் கூறுவர். சிறுதேரோ அப்பயனைத் தாராதது. அப்பயன் இல்லாத இடத்தும் இன்பம் குறைவதில்லை என்பதோடு, இழுத்தலாகிய செயலே இன்பமாய் நிற்கிறது என்பதனையும் புலவர் கண்டுள்ளார். இவ்வின்பத்தைச் சிறுவரிடத்து வைத்துக் காட்டியதே அவர்தம் கூர்மை. வளர்ந்தார் ஒருவர் ஊரமாட்டாத தேரை இழுத்துச் சென்றால் அவரைப் பேதையர் என்போம். சிறுவர் இழுத்தால் அவ்வாறு கூறோம். ஏன் கூறோம் என்னும் வினாவே குழவியர் கலைப்பயிற்சி பற்றிய ஆராய்ச்சிக்கு வாயிலாகும். தோழியின் கூற்றில் ஒரு கைப்பும் கலந்துள்ளது. பெறற்பாலது பெறாதவள் தேடிக்கொண்ட ஆறுதல் அது. ஆதலின் உவமையைப் பொருளினின்று முற்றும் பிரித்து, ‘சிறுவர்க்கு இழுத்தல் போதும், தேர் எத்தகையதாயினும் ஆகுக’ என்று முடிவு கட்டுதலும் பிழையாம். இக்கருத்தினைப் பின்னர் மீண்டும் காண்போம்.

இக்காலத்துப் பள்ளிகளில் ஓவியமும் இசையும் கூத்தும் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்துவோர், அதற்குக் கூறும் காரணங்களை நோக்கின் அவருட் பெரும்பாலோர் ஊர்தலின் பயனையே பேசுகின்றனர் என்பது புலனாகும். இசை பயின்றால் கணக்கு வரும். ஓவியம் பயின்றால் அறிவியலில் மதிப்பெண் உயரும். ஆடல் பயின்றால் நினைவாற்றல் மிகும் என்பன அவர்தம் வாதங்கள். கலை என்பது வேறோர் ஊர்க்குக் கொண்டு செல்லும் ஊர்தியாகக் கருதப்படுகிறது. அவ்வூர் சென்று சேர்ந்தோமா என்று ஆராய்ந்தவர்தம் முடிபுகளைச் சிறிது காண்போம்.

1993-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்து இர்வைன் நகரில், பிரான்சிஸ் ரவுசரும் அவருடன் இருவரும் கல்லூரி மாணவர் 36 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினர். மோட்சார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டவர், இடவடிவங்களை மனத்தே திருப்பிக் காணும் ஒருவகைத் தேர்வில் சிறிது மேம்பட்டனர். அம்மேம்பாடும் பத்து அல்லது பதினைந்து நிமிடமே நின்றது. ஆய்வாளர் குழவியரைப் பற்றி ஒன்றும் கூறிற்றிலர். எனினும் 1998-ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றற்கும் இசைத்தட்டு வழங்குதற்கென 1,05,000 டாலர் வேண்டினார். கல்லூரி இளைஞரிடம் கால் மணி நேரம் நின்ற ஒன்று, ஐந்தாண்டிற்குள் தொட்டிற் குழவிக்கு வாழ்நாள் அறிவாக மாறியது. கேட்டலை மட்டும் பேசி, குழவி ஒன்றனைச் செய்தலைப் பற்றி எவரும் வினவாமல் விட்டதே இக்கதையில் நம் கருத்தைக் கவர்வது.

செய்தலைப் பற்றி வினவிய ஆய்வும் உண்டு. கனடா நாட்டு அறிஞர் கிளென் செல்லன்பர்க் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு வயதுச் சிறார் 144 பேரை நான்கு குழுவாகப் பகுத்தார். ஒரு குழு விசைப்பலகை இசையும், ஒன்று வாய்ப்பாட்டும், ஒன்று நாடகமும் 36 வாரம் பயின்றன. நான்காவது குழு அவ்வாண்டில் எதனையும் பயிலவில்லை. நான்கு குழுவினர்க்கும் அறிவுத்திறன் அளவை உயர்ந்தது. பள்ளியிற் சேர்ந்தமையே அதற்குக் காரணம். இசை பயின்றோர் ஏறத்தாழ 7 புள்ளி உயர்ந்தனர். பயிலாதார் 4 புள்ளிக்குச் சற்று மேல் உயர்ந்தனர். வேறுபாடு உண்டு, ஆயினும் சிறிது. நாடகம் பயின்றோரிடமோ புள்ளி மிகவில்லை; பிறரோடு இணங்கி ஒழுகும் பண்பு மிகுந்தது. இவ்வீற்றுச் செய்தியை எடுத்துரைப்பார் அரியர். மதிப்பெண்ணை நாடி இவ்வாய்வுக்குட் புகுந்தோர் அதனைக் கண்டும் காணாதவராய்ச் சென்றனர் போலும். எல்லன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் 2000-ஆம் ஆண்டில் அதுகாறும் வந்த ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கினர். கலைப்பயிற்சி பாட மதிப்பெண்ணை உயர்த்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதும், கதையை நடித்துப் பழகும் வகுப்பறை நாடகம் சிறாரின் மொழித்திறனை வளர்த்தற்குச் சான்று உண்டு என்பதும் அவர்தம் முடிபுகளுள் அடங்கும். கலையின்பால் அன்பு கொண்ட அவர்களே இதனைக் கூறினர் என்பது கருதத்தக்கது. மதிப்பெண்ணைக் காட்டிக் கலைக்கு இடம் பெற்றால், மதிப்பெண் உயராத அன்று அவ்விடம் பறிபோகும் என்று அவர்கள் அஞ்சினர். நாமும் அஞ்சுகின்றோம்.

இனித் தமிழிலக்கியத்தின்பால் வருவோம். குழவிப் பருவத்தைத் தனிப்பொருளாகக் கொண்டு இலக்கியம் செய்தோர் தமிழர். தொல்காப்பியப் புறத்திணையியல் குழவியைப் பாடுதற்கு இடம் வகுத்தது. பெரியாழ்வார் கண்ணனின் பிள்ளைமைச் செயல்களைப் பதிகம் பதிகமாகப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழை யாத்தார். பின்னர்ப் பகழிக்கூத்தரும் குமரகுருபரரும் அவ்வகையினை உச்சிக்குக் கொண்டு சென்றனர். காப்பு முதலாகச் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என ஏழும் இருபாற்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்கும், அம்மானை, நீராடல், ஊசல் என்பன பெண்பாற்கும் உரியவாய் வழங்குகின்றன. கழங்கு முதலியவற்றைக் கூறும் பாட்டியல்களும் உண்டு. மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தோராம் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்கள்தோறும் ஒரு பருவமாக வைத்துப் பாடுதலும் பாட்டியல் கூறும் ஒரு மரபு.

இம்மரபினைக் கொண்டு, ‘இற்றை மேலைநாட்டு உளநூலார் கண்ட குழவி வளர்ச்சிப் படிகளைத் தமிழர் முன்னரே கண்டு பட்டியலிட்டனர்’ என்று எழுதும் வழக்கம் நம்மிடையே பெருகியுள்ளது. இதனை நாம் முழுதும் ஏற்றற்கில்லை. ஒன்பதாம் திங்களிற் கை இரண்டனையும் கூட்டுதல், பதின்மூன்றாம் திங்களில் தளர்நடையிட்டு வருதல் ஆகியன இற்றை மருத்துவர் காண்பனவற்றோடு பெரிதும் ஒக்கும். குழவியை மடியிலிட்டு வளர்த்தோர் எந்நாட்டினராயினும் இவற்றை அறிவர். ஆனால் இருபத்தொரு திங்கட் குழவி அம்மானைக் காய்களை மாறி மாறி வீசிப் பிடித்துப் பாட்டும் பாடுமோ? ஐந்தாறு ஆண்டு நிரம்பிய சிறுமிக்கே அஃது அரிது. சிற்றிலின் நிலை இன்னும் வியப்பானது. பத்தொன்பது திங்கள் நிரம்பிய பிள்ளை மணல்வீட்டைக் காலாற் சிதைத்தல் கூடும், இழைத்தல் கூடாது. இழைப்போர் அதனின் மூத்த சிறுமியர். ஆகவே பருவ அடைவு என்பது வளர்ச்சிக் கணக்கு அன்று, பாடல் நிரல். அதனை உளநூலாகக் காட்டுதல் புலவர்க்கும் பெருமை தாராது, உளநூலுக்கும் பயன் தாராது.

பிள்ளைத்தமிழிற் கற்கத்தக்கது வேறிடத்து உள்ளது. அஃது அதன் வினைமுடிபு. காப்பும் அம்புலியும் நீங்கலாக ஏனைப் பருவங்களிற் பாட்டுத்தோறும் ஈற்றில் நிற்பது குழவியை ஒன்று செய்யுமாறு வேண்டும் வினை: ஆடுக, கொட்டுக, தருக, வருக, முழக்குக, உருட்டுக, ஆடுக. குழவியின் அழகை எட்ட நின்று புனைந்துரைக்கும் பாட்டு எனின் அது வருணனையோடு முடிந்திருக்கும். இங்கோ நெடிய அடிகள் அனைத்தும் சென்று குழவியின் கையையும் காலையும் வாயையும் தொட்டு நிற்கின்றன. பாடுவார் ஒருவர், செய்வார் ஒருவர். பாட்டின் தாளம் முடியுமிடத்துக் குழவியின் செயல் தொடங்குகிறது. கலைப்பயிற்சியின் முதல் நிலை இதுவே என்று நாம் கருதுகின்றோம். அம்புலிப் பருவம் மட்டும் இதனின் வேறுபடும். அங்கு விளிக்கப்படுவது திங்கள். சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கும் புலவர்தம் புலமையைக் காட்டுதற்கு உதவுவன. குழவி பாட்டின் ஓரத்தே நிற்கிறது. அம்புலியைப் பாடுதல் அரிதென்பர். அவ்வருமை புலவர்க்கே அன்றிக் குழவிக்கு அன்று.

சப்பாணி கொட்டும் குழவியை நோக்கிய நமக்கு, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 2014-இல் வந்த ஆய்வு ஒன்று நினைவிற்கு வருகின்றது. லாரா சிரெல்லி முதலியோர் பதினான்கு திங்கட் குழவியரை எடுத்து வைத்துக்கொண்டு இசைக்கேற்ப மேலும் கீழுமாக அசைத்தனர். எதிரே நின்ற பெண்மணி ஒருவர் சில குழவியரோடு தாளம் ஒத்து அசைந்தார். சில குழவியரோடு தாளம் ஒவ்வாமல் அசைந்தார். பின்னர் அவர் கைப்பொருளைத் தவறவிட்டது போலக் காட்டியபோது, ஒத்து அசைந்த குழவியரே மிகுதியாகச் சென்று எடுத்துக் கொடுத்தனர். பேசவும் அறியாத குழவி, தன்னோடு தாளம் ஒத்தவரைத் தன்னவராகக் கொள்கிறது. தாயும் சேயும் ஒத்துக் கைகொட்டுதல் வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. இங்கு விளைந்த பயன் மதிப்பெண் அன்று. அது கலைச் செயலின் உள்ளேயே பிறந்தது.

சிற்றிற் பருவம் இன்னும் ஆழ்ந்து நோக்கற்பாலது. பாட்டுடைத் தலைவன் ஆண்குழவி. அவன் செய்வது அழித்தல். பாடுவோராக வருவோர் மணலிற் சிறுவீடு இழைத்த சிறுமியர். தம் உழைப்பைச் சிதைக்க வேண்டா என்று அவர்கள் மன்றாடுகின்றனர். இறைவன் அழித்தற்றொழிலின் விளையாட்டாகச் சமயநூலார் இதற்குப் பொருள் காண்பர். அப்பொருளை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கலைப்பயிற்சியின் நோக்கில் இப்பருவத்தின் உண்மைத் தலைமக்கள் அச்சிறுமியரே. இலக்கியத்திற் குழவிக்கலைஞர் தாம் செய்த பொருளைப் பற்றித் தாமே பேசும் இடம் இதுபோல் வேறு அரிது. மணலைக் கொழித்தது, கை சிவந்தது, சிறுசோறு அட்டது என அவர்கள் எடுத்துச் சொல்லும் முறையில் செய்தவர்க்கே உரிய கணக்கு உள்ளது. கலித்தொகையின் 51-ஆம் பாட்டில் தலைவி, தன் மணற்சிற்றிலைக் காலாற் சிதைத்துத் துயர் செய்த சிறுவனை வளர்ந்த பின்னும் மறந்தாளில்லை. அவன் பின்னாளிற் காதலனாய் வந்ததனைக் கூறுங்காலும் சிற்றிலின் சிதைவே முதலில் வருகிறது. சிறுமி ஒருத்தி மணலிற் செய்த வீடு அவளுக்கு எத்துணைப் பொருளாயிற்று என்பதனைக் கபிலர் அறிந்திருந்தார்.

வீடல்லாத மணலை வீடாகவும், மணலையே சோறாகவும் கொண்டு ஒழுகுதல் நாடகத்தின் வித்து. மேலே கூறிய ஆய்வுகளில் பயன் ஐயமின்றித் தெரிந்த இடம் நாடகமே என்பதனை ஈண்டு இயைத்து நோக்குக. பிறனாக நின்று பேசும் சிறுவன், பிறன் சொல்லையும் பிறன் உள்ளத்தையும் தன் வாயில் வைத்துப் பார்க்கிறான். அமெரிக்க நாட்டு ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரைக் கொண்டு நடந்து 2019-இல் வெளிவந்த பேராய்வும் இதற்கு அரண் செய்கிறது. எப்பள்ளிகட்குக் கலைப்பயிற்சியை மிகுவிப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. பயிற்சி மிக்க பள்ளிகளில் ஒழுங்குக் குற்றங்கள் குறைந்தன. பிறர்பால் இரக்கம் மிகுந்தது. எழுத்துத் திறனும் உயர்ந்தது. கணக்கில் அத்தகைய ஏற்றம் காணப்படவில்லை. எழுத்து உயர்ந்ததனை நாம் மறைத்தல் வேண்டா. அதனையே முதற்பயனாகக் காட்டுதலும் வேண்டா.

அம்மானையும் கழங்கும் மற்றொரு பக்கத்தைக் காட்டும். விளையாட்டு என்ற பெயரால் இவற்றை எளியனவாகக் கருதுதல் தவறு. அம்மானை மூவர் கூடி ஆடுவது. ஒருத்தி கூற, ஒருத்தி வினவ, ஒருத்தி இரட்டுற மொழிந்து விடை இறுக்க, காய்கள் இடையறாது மேலெழுந்து வீழும். கண், கை, செவி, நா, நினைவு ஐந்தும் ஒருங்கு தொழிற்படல் வேண்டும். தவறினால் மீண்டும் தொடங்கல் வேண்டும். ‘குழவியைத் தன் போக்கில் விடுமின், கலை தானே மலரும்’ என்று ஒரு சாரார் கூறும் கொள்கை அம்மானையின் முன் நில்லாது. ஹெட்லண்ட், வின்னர் முதலியோர் பாஸ்டன் வட்டாரத்துக் கலைப்பள்ளிகள் இரண்டில் ஓவிய வகுப்புகளை ஓராண்டு உடனிருந்து நோக்கி, 2007-இல் நூலாக வெளியிட்டனர். கூர்ந்து காணல், இடர்ப்பட்டவிடத்து விடாது முயலல், இல்லாததனை மனத்தே காணல், தன் செயலைத் தானே மதிப்பிடல் ஆகியவற்றை ஆசிரியர் அங்கே கற்பிக்கக் கண்டனர். இவை வண்ணத்தையும் தூரிகையையும் போலவே கற்பிக்கப்பட்டன. தாமே வந்தன அல்ல. கற்பிப்பார் ஒருவர் அருகிருத்தல் இன்றியமையாதது என்பதே இதனாற் பெறப்படுவது.

கற்பிப்பார் என்றவுடன் நம் நாட்டுப் பள்ளிகளின் நிலை கண்முன் வருகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-ஆம் ஆண்டு ஏறத்தாழ 16,500 பேர் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலியவற்றிற்குப் பகுதிநேர ஆசிரியராக அமர்த்தப்பட்டனர். வாரத்தில் மூன்று அரைநாள் பணி. தொடக்கத்தில் திங்களுக்கு 5,000 ரூபாய் ஊதியம். நிலையான பணி வேண்டி அவர்கள் பல்லாண்டு போராடினர். கணக்காசிரியரை அரைநாள் ஆசிரியராக அமர்த்துதல் பற்றி எவரும் நினைத்திலர். ஓவிய ஆசிரியரைப் பற்றி எளிதில் நினைக்க முடிந்தது. வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஊர்தலின் பயனை வைத்தே தேரை மதிப்பிடும் நோக்கிலிருந்து வந்தது. 2022-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கெனக் கலைத்திருவிழா நடத்தப்பெற்றது பாராட்டற்குரியது. மேடையே கண்டிராத சிற்றூர்ச் சிறார் பறையும் கரகமும் கொண்டு மேடையேறினர். ஆயின் அஃது அமைந்த முறை போட்டி. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனச் சலித்துச் சலித்து ஈற்றில் வென்றோர்க்குக் கலையரசன், கலையரசி என்னும் பட்டம் சூட்டுவது.

பரிசு பற்றி ஒன்று கூறவேண்டும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் அமெரிக்க நாட்டு மழலையர் பள்ளி ஒன்றில், படம் வரைதலைத் தாமே விரும்பிச் செய்யும் குழவியரைத் தேர்ந்தனர். சிலரிடம், வரைந்தால் நற்சான்றுப் பட்டயம் தருவோம் என்று முன்னரே கூறினர். சிலர்க்குக் கூறாமல் வரைந்த பின் தந்தனர். சிலர்க்கு ஒன்றும் தரவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழிந்து, எவரும் ஏவாத வேளையில் வரைதற்பொருள்கள் முன்னே வைக்கப்பட்டன. பரிசு கருதி வரைந்தவர், பிறரின் ஏறத்தாழப் பாதிப்பொழுதே வரைந்தனர். இழுத்தலில் இன்பம் கண்டிருந்தாரை ஊர்தலின் பயனுக்குப் பழக்கினால், பயன் தீர்ந்த அன்று தேரும் கிடப்பிற் போகும். போட்டி கூடாது என்பது நம் கருத்தன்று. போட்டிக்கு முன்னும் பின்னும் ஆண்டு முழுதும் வகுப்பில் ஓர் ஓவிய ஆசிரியர் நிற்கிறாரா என்பதே நம் வினா. வென்ற ஒருவர்க்கு மேடை கிடைத்தது. தோற்று மீண்ட சிறார்க்கு அடுத்த வாரம் வண்ணப்பெட்டி கிடைத்ததா?

தேர் எத்தகையதாயினும் ஆகுக என்பது பிழை என்று முன்னர்க் கூறினோம். சிறுதேர் எவர்க்குக் கிடைத்தது என்பதனையும் சங்க இலக்கியமே காட்டுகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இருமுறை சிறுதேரைப் பாடினார். பட்டினப்பாலையில் வருவது காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் மனைமுற்றம். உலரும் உணவைக் கவர வந்த கோழியை எறிந்த பொற்குழை, காலிற் பொன் அணிந்த புதல்வர் உருட்டும் மூன்றுருளைச் சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. தேருக்கு வேறு இடையூறே அங்கில்லை என்பது புலவர் கருத்து. அத்தேரைச் செய்தார் எவர் என்பது அங்குக் கூறப்படவில்லை. பெரும்பாணாற்றுப்படையிலோ கூறப்படுகிறது, அதுவும் ஐயத்திற்கு இடமாக. தச்சர்தம் சிறாரையும், விரும்புதலையும், தேரின் புனைவையும் புலவர் ஒரே அடியில் வைத்தார். தச்சச் சிறாரும் விரும்பும்படி புனையப்பட்ட தேர் என்று கூட்டினும் அமையும். தச்சச் சிறார் பிறர் விரும்பும்படி புனைந்த தேர் என்று கூட்டினும் அமையும். முன்னையதாயின், நாள்தோறும் மரமும் உளியும் காணும் சிறாரும் ஏங்கி நோக்கும் அழகுடையது அத்தேர். ஆயினும் அஃது அவர்தம் கையில் இல்லை. பின்னையதாயின், தந்தையின் தொழிற்களரியில் விளையாட்டாகவே கலை பயின்ற சிறாரின் கைத்திறன் அது.

நாம் பின்னையதனையே விரும்புகின்றோம். உருட்டிய புதல்வர் தளர்ந்து, செவிலியரிடம் பாலுண்டு, படுக்கையில் துயின்றனர் என்று பாட்டு மேற்செல்கிறது. புனைந்த சிறார் அத்தேரை ஒருமுறையேனும் உருட்டிப் பார்த்தனரா என்பதனைப் புலவர் கூறிற்றிலர்.